ஹார்ட் டிஸ்க் முன்பு மாதிரி உழைப்பதில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் சில போட்டோ ஸ்டுடியோக்கள், ஆடிட்டர் ஆபீஸ்கள், ஒன்றிரண்டு பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிஸ்க் போய்விட்டால் முதல் போன் எனக்குத்தான் வரும். அப்படி வரும் போன்களில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன் வாங்கிய 500 ஜிபி டிஸ்க் இன்னும் ஓடுகிறது. போன வருடம் வாங்கிய 4 டிபி போய்விட்டது. இப்போது வருவதெல்லாம் தரமே இல்லையா?

ஓடுகிற பழைய டிஸ்க் மட்டும்தான் உங்கள் கண்ணில் படுகிறது. அதே வருடம் வாங்கிச் செத்துப்போனவை எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. தாத்தா காலத்து ஆட்கள் எல்லோரும் நூறு வயது வாழ்ந்தார்கள் என்று சொல்வதும் இதே கணக்குதான்.

எண்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்றொரு ஆன்லைன் பேக்கப் நிறுவனம் இருக்கிறது. தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எத்தனை செத்தன என்பதை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. இப்போது அவர்களிடம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகள் ஓடுகின்றன. ஒரு வருடத்தில் செத்தவற்றின் விகிதம் 2019இல் 1.89 சதவீதம், 2020இல் 0.93, 2021இல் 1.01, 2022இல் 1.37, 2023இல் 1.70, 2024இல் 1.57. நடுவில் ஏறியதற்கு அவர்களிடம் இருக்கும் டிஸ்க்குகளுக்கு வயதாகிக்கொண்டே போனதும் ஒரு காரணம். ஏறுகிறது, இறங்குகிறது, ஆனால் தலைகீழாகக் கவிழ்ந்துவிடவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவை பெரும்பாலும் டேட்டா சென்டர் ரகம், நாள் முழுக்க ஏசியில் அசையாமல் ஓடுபவை. பையில் போட்டுக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டு போகிற யூஎஸ்பி டிஸ்க்கைப் பற்றி இந்தக் கணக்கு அதிகம் சொல்லாது.

என் அபிப்பிராயம் இது: டிஸ்க் சாகும் வேகம் பெரிதாக மாறவில்லை. மாறியது வேறு. ஒரே டிஸ்க்கில் நாற்பது மடங்கு சரக்கை ஏற்றுகிறோம், ஒன்று போனால் மீட்க எடுக்கும் நேரம் நிமிடக் கணக்கிலிருந்து நாள் கணக்காகிவிட்டது. உள்ளே எந்த முறையில் எழுதுகிறது என்பதை டப்பாவில் போடுவதையும் விட்டுவிட்டார்கள். கடைசியாகச் சொன்னதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

எழுதும் முறை என்கிறீர்களே, அது என்ன? டிஸ்க் என்றால் டிஸ்க்தானே?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே இருப்பது பளபளக்கும் தட்டுகள். மேலே மெல்லிய காந்தப் பூச்சு. அந்தப் பூச்சு முழுக்கப் பொடிப்பொடியான துகள்கள். ஹெட் என்கிற சிறிய முனை, துகள் கூட்டங்களை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ காந்தமாக்கிவிட்டுப் போகிறது. ஒன்று, பூஜ்யம் எல்லாம் அதுதான்.

ஹெட் தட்டைத் தொடுவதில்லை. ஒன்றிரண்டு நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டருக்குப் பக்கத்தில். அதே நேரம், மூன்றரை அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும்போது தட்டின் வெளி விளிம்பு மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஹெட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற டிஸ்க்கை மேசையில் 'டொக்' என்று வைக்காதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கான ரமாக்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. மொத்தம் 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். அதாவது, இன்று போனில் எடுக்கிற ஒரு படம். அங்கிருந்து ஐம்பது வருடம் வரை, துகள்கள் தட்டில் படுத்த வாக்கில்தான் காந்தமாக்கப்பட்டன. இடம் போதாமல் போனபோது அவற்றை நிமிர்த்தி நிற்க வைத்தார்கள். பாய் விரித்துப் படுத்திருந்தவர்களை எழுப்பி நிற்கச் சொன்னால் அதே ஹாலில் இன்னும் எத்தனை பேர் கொள்ளுவார்கள்? அந்தக் கணக்குதான். இதற்கான அடிப்படையை ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷுனிச்சி இவாசாகி 1970களிலேயே போட்டுவிட்டார். கடைக்கு வர 2005 ஆனது, முதலில் கொண்டுவந்தது தோஷிபா. இந்த நிமிர்ந்த முறையில் ட்ராக்குகள் (தட்டில் தகவல் எழுதப்படும் வட்ட வரிகள்) ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருந்தால் அது சிஎம்ஆர். இன்றும் ஒரு டிஸ்க்கை 'நல்ல டிஸ்க்' என்று டெக்னீஷியன்கள் சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

எஸ்எம்ஆர் என்று எல்லோரும் திட்டுகிறார்களே, அது?

ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசை ஓடும் கீழ் வரிசையின் மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். எஸ்எம்ஆரில் ட்ராக்குகள் அப்படித்தான். ஹெட்டில் எழுதும் பகுதி அகலம், படிக்கும் பகுதி குறுகல். படிக்கக் குறுகலான பட்டை போதும் என்றால், எழுதிய ட்ராக்கின் ஓரத்தை அடுத்த ட்ராக் மூடிக்கொண்டால் என்ன? அதே தட்டில் கூடுதலாகச் சரக்கு ஏற்றலாம். 2013இல் சீகேட் இதை அறிவித்தபோது 25 சதவீதம் வரை கூடும் என்றது.

விலை எங்கே கொடுக்கிறோம் என்றால், நடுவில் ஒரு ஓடு உடைந்தால் மாற்றும்போது. மேலே உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, உடைந்ததை மாற்றி, திரும்ப அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் தட்டு பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு வட்டாரம் வழக்கமாக 256 எம்பி. அதற்குள் ஒரு சின்ன பைலைத் திருத்தினாலும், அங்கிருந்து வட்டாரத்தின் கடைசி வரை திரும்ப எழுதியாக வேண்டும்.

இது வெளியே தெரியாமலிருக்க, டிஸ்க்கின் ஒரு பகுதியை வராந்தா மாதிரி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வருகிற சரக்கை முதலில் அங்கே இறக்கிவிட்டு, ஓய்வாக இருக்கும்போது உள்ளே அடுக்கும். வராந்தா காலியாக இருக்கும் வரை டிஸ்க் ஜோராக ஓடும். நிரம்பிவிட்டால்? அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

அப்போ எஸ்எம்ஆர் டிஸ்க் சீக்கிரம் செத்துப்போகுமா?

எஸ்எம்ஆர் என்பதற்காகவே சீக்கிரம் சாகும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரிந்ததில்லை. ஆனால் செத்துவிட்டது என்று நம்மை நம்ப வைத்துவிடும். ஆபத்து அங்கேதான்.

ஒரு ஸ்டுடியோக்காரத் தம்பி. வளர்பிறை முகூர்த்த நாள் முடிந்து மறுநாள் காலை, இரண்டு கல்யாணத்தின் வீடியோவையும் 4 டிபி போர்ட்டபிள் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். மொத்தம் 600 ஜிபி. ஆரம்பத்தில் வினாடிக்கு 120 எம்பி. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 30. அப்புறம் 8. அப்புறம் காப்பி செய்கிற கட்டத்தில் பச்சைக் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. பூஜ்யம். சில வினாடி கழித்து ஒரு துள்ளல், மறுபடி பூஜ்யம். டிஸ்க்கைக் காதில் வைத்துப் பார்த்தால் உள்ளே 'கர்ர் கர்ர்' என்று அரைக்கிறது. "அண்ணே, டிஸ்க் போச்சு" என்று எனக்குப் போன் போட்டுக்கொண்டே கேபிளை உருவிவிட்டார்.

டிஸ்க் போகவில்லை. வராந்தா நிரம்பி, உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே அந்த டிஸ்க்கில் நிறைய அழித்து அழித்து எழுதியிருந்தார், அதனால் புரட்ட வேண்டியதும் அதிகம். நடுவில் உருவியதில் பைல் சிஸ்டம் குழம்பி, முந்தைய மாதத்து போல்டர் இரண்டு திறக்கவில்லை. மீட்டுவிட்டோம், மூன்று நாள் ஆனது. கேமரா கார்டை அழிக்காமல் வைத்திருந்தது அவர் செய்த புண்ணியம்.

எஸ்எம்ஆர் டிஸ்க் காப்பி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அரைத்துக்கொண்டிருக்கும். விட்டுவிடுங்கள். விளக்கு மினுக்குவது நின்ற பிறகு 'பாதுகாப்பாக நீக்கு' கொடுத்து எடுங்கள்.

2020இல் நாஸ் டிஸ்க் விவகாரம் என்று சொல்கிறார்களே, என்ன நடந்தது?

இந்தப் பக்கத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம் இது.

நாஸ் என்பது நெட்வொர்க்கில் வைக்கிற டிஸ்க் பெட்டி. நாலைந்து டிஸ்க் போட்டு, ஒன்று போனாலும் தகவல் போகாதபடி ரெய்டு கட்டியிருப்பார்கள். (ரெய்டு என்றதும் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள். இது அந்த ரெய்டு இல்லை.) ஒரு டிஸ்க் செத்தால் புதிதாக ஒன்றைச் செருகுவோம். மற்ற டிஸ்க்குகளைப் படித்துப் படித்துப் புதியதில் நிரப்பும். அதற்கு ரீபில்ட் என்று பெயர். ரீபில்டில் மணிக்கணக்காக இடைவிடாமல் எழுத வேண்டும். எஸ்எம்ஆருக்கு எது ஆகவே ஆகாதோ, அது.

வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையை நாஸுக்கென்றே விற்றது. 2 டிபி முதல் 6 டிபி வரையிலான புதிய ரெட் மாடல்களை, டப்பாவிலோ விவரக் குறிப்பிலோ ஒரு வார்த்தை சொல்லாமல், எஸ்எம்ஆராக மாற்றிவிட்டது. விலைக்கு வாங்கியவர்கள் பழைய டிஸ்க் ஒன்று போனதும் அதே பெயரில் புதியதைச் செருகினார்கள். ரீபில்ட் நடுவில் நின்றது. டிஸ்க் நேரத்துக்குப் பதில் சொல்லாததால், செத்துவிட்டது என்று நினைத்து நாஸ் அதை வெளியே தள்ளியது. பயனர்கள் தோண்டித் துருவி, 2020 ஏப்ரலில் பிளாக்ஸ் அண்ட் பைல்ஸ் என்ற செய்தித் தளம் வெளியிட்ட பிறகுதான் நிறுவனம் ஒப்புக்கொண்டது. தோஷிபாவும் சீகேட்டும்கூடச் சில டெஸ்க்டாப் மாடல்களில் சொல்லாமல் எஸ்எம்ஆர் போட்டிருந்தது அப்போது வெளியே வந்தது. நாஸ் வரிசையான அயர்ன்வுல்ஃபில் போடவில்லை என்றது சீகேட்.

சர்வ்தஹோம் என்ற தளம் 4 டிபி டிஸ்க்குகளை வைத்துச் சோதித்தது. சிஎம்ஆர் டிஸ்க்குகள் ஒரு நாளுக்குள் முடித்த ரீபில்டை எஸ்எம்ஆர் ரெட் முடிக்க ஒன்பது நாளுக்கு மேல் ஆனது. அந்த ஒன்பது நாளும் இன்னொரு டிஸ்க் போகாமல் இருக்க வேண்டும். டிஸ்க்கின் நம்பகம் துளியும் குறையாமலே, மொத்தப் பெட்டியின் நம்பகம் இப்படிக் குறைந்துவிடும்.

அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள், நிறுவனம் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. பெயரையும் பிரித்தது. இப்போது வெறும் 'ரெட்' என்றால் எஸ்எம்ஆர், 'ரெட் பிளஸ்', 'ரெட் ப்ரோ' என்றால் சிஎம்ஆர். ஏற்கெனவே இருந்ததைத் திரும்ப வாங்க 'பிளஸ்' போட வேண்டியதாயிற்று. அதே வருடம் இன்னொன்றும் தெரிந்தது: '5400 ஆர்பிஎம் வகுப்பு' என்று போட்டிருந்த சில பெரிய டிஸ்க்குகள் உண்மையில் 7,200 சுற்று சுற்றின. 'வகுப்பு' என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு மறைக்கலாம், பாருங்கள்.

வாங்கும் முன் எஸ்எம்ஆரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2020க்குப் பிறகு மூன்று கம்பெனிகளும் எந்த மாடல் எந்த முறை என்ற பட்டியலைத் தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன. கடைக்காரர் சொல்லும் வரிசைப் பெயரை நம்பாமல் முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தப் பட்டியலில் பாருங்கள். கடைசி நாலு எழுத்தில்தான் சூட்சுமம். ரெட் 4 டிபியில் ஈஎஃப்ஆர்எக்ஸ் என்று முடிந்தால் சிஎம்ஆர், ஈஎஃப்ஏஎக்ஸ் என்று முடிந்தால் எஸ்எம்ஆர்.

ஏற்கெனவே கையில் இருப்பதைச் சோதிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. ட்ரிம் என்ற கட்டளை, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டிக்கு உரியது. ஒரு ஹார்ட் டிஸ்க் அதை ஏற்கிறது என்று காட்டினால் அது எஸ்எம்ஆர்தான். ஏற்காவிட்டால் எதுவும் நிச்சயமில்லை. 2 டிபி, 4 டிபி மாதிரி சின்ன டிஸ்க்கில் 256 எம்பி கேஷ் (தற்காலிக நினைவகம்) என்று தாராளமாகப் போட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். சட்டைப்பையில் போகிற இரண்டரை அங்குல டிஸ்க், 2 டிபி அல்லது அதற்கு மேல் என்றால் சோதிக்கவே வேண்டாம், எஸ்எம்ஆர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

எஸ்எம்ஆரை வாங்கவே கூடாதா?

ஒருமுறை எழுதி, எடுத்து வைத்து, எப்போதாவது படிக்கிற பேக்கப்புக்கு அது தாராளமாகப் போதும். பெரிய டேட்டா சென்டர்களே அதை வாங்குகின்றன. ஆனால் அவர்கள் வாங்குவது வேறு ரகம், எந்த வட்டாரத்தில் எதை எழுதுவது என்பதை அவர்களுடைய மென்பொருளே முடிவுசெய்யும். ரெய்டு, விண்டோஸ் போடும் டிஸ்க், எடிட்டிங் இவற்றுக்கு வேண்டாம்.

பெரிய டிஸ்க்கை ரெய்டில் போட்டால் ரீபில்ட் கட்டாயம் தோற்கும் என்று படித்தேன். 10இன் 14ஆம் அடுக்கு என்று ஏதோ கணக்கு.

விவரக் குறிப்பில் 'படிக்க முடியாத பிழை' என்றொரு வரி இருக்கும். சாதாரண டிஸ்க்குக்கு 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளைப் படித்தால் ஒன்றுக்கு மேல் போகாது என்று போட்டிருப்பார்கள். நூறு லட்சம் கோடி பிட். கேட்கப் பெரிதாக இருக்கிறது, பைட்டாக மாற்றினால் 12.5 டிபிதான். 80 ஜிபி காலத்தில் இந்த எண்ணை யாரும் சட்டை செய்யவில்லை, டிஸ்க்கை 150 தடவை முழுக்கப் படித்தால்தான் எட்டும். இன்று ஒரு 16 டிபி டிஸ்க்கை ஒரே ஒரு தடவை படித்தாலே தாண்டிவிடுகிறோம். டிஸ்க் இவ்வளவு வளர்ந்தும் அந்த வரி அப்படியே நின்றது.

ஆனால் அது உச்ச வரம்பு, சராசரி இல்லை. நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட எவ்வளவோ நன்றாக நடந்துகொள்கின்றன. என் வீட்டு நாஸில் 20 டிபிக்கு மேல் இருக்கிறது, மாதம் ஒருமுறை முழுக்கப் படிக்க வைக்கிறேன். அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டால் மாதாமாதம் ஒரு பிழையாவது வர வேண்டும். வரவில்லை. இன்னொன்று, டிஸ்க் எப்போதுமே தப்பும் தவறுமாகத்தான் படிக்கிறது. இன்றைய பெரிய டிஸ்க்கில் ஓர் அங்குலத்துக்குள் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட ட்ராக்குகள், ஒன்றின் அகலம் 60 நானோமீட்டர் சொச்சம். அதில் படிப்பதை ஒவ்வொரு செக்டரிலும் (ட்ராக்கின் சிறு துண்டு) கூடவே எழுதிய திருத்தக் குறிகளை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் சரிசெய்கிறது.

நான் பயப்படுவது நேரத்துக்கு. 80 ஜிபி டிஸ்க்கை வினாடிக்கு 50 எம்பி வேகத்தில் அரை மணிக்குள் படித்துவிடலாம். 20 டிபி டிஸ்க்கை 250 எம்பியில் படித்தால் 22 மணி நேரம். உள் ட்ராக்குகளில் வேகம் குறையும், எனவே உண்மையில் ஒரு நாளைத் தாண்டும். கொள்ளளவு 250 மடங்கு, வேகம் ஐந்து மடங்கு. அதனால் 8 டிபிக்கு மேல் என்றால், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குகிற ரெய்டு 6தான் கட்டிக்கொடுக்கிறேன்.

லேசர் வைத்துச் சுடுகிற டிஸ்க் வந்துவிட்டதாமே? அது எத்தனை நாள் தாங்கும்?

ஹாமர் என்பார்கள். ஏன் வந்தது என்று சொன்னால்தான் புரியும். சரக்கைக் கூட்ட வேண்டுமென்றால் துகளைச் சிறியதாக்க வேண்டும். ரொம்பச் சிறியதானால் அறை வெப்பமே அதைப் புரட்டிவிடும், எழுதியது தானாக அழியும். புரளாத முரட்டுப் பொருளில் செய்தால் ஹெட்டாலும் புரட்ட முடியாது. இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் தொழில் இருபது வருடமாகத் தவித்தது.

ஹாமர் செய்வது கொல்லன் பட்டறை வேலை. இரும்பும் பிளாட்டினமும் கலந்த முரட்டுத் துகள். எழுதும் அந்த ஒரு புள்ளியை மட்டும் ஹெட்டிலிருக்கும் குட்டி லேசர் 400 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறது. இளகிய நொடியில் ஹெட் அடிக்கிறது. நானோவினாடிகளில் ஆறிவிடுகிறது. ஆறிய பிறகு அசையாது. தட்டு முழுக்கச் சூடாகாது, கையில் தொட்டால் மற்ற டிஸ்க் மாதிரியேதான் இருக்கும். 2024 ஜனவரியில் சீகேட் மொசைக் 3+ என்று இதை அறிவித்தது. தட்டுக்கு 3 டிபி, பத்துத் தட்டு, 30 டிபி. வெஸ்டர்ன் டிஜிட்டல் அதே 2024இல் பதினொரு தட்டும் எஸ்எம்ஆரும் சேர்த்து 32 டிபி வரை கொண்டுவந்தது. தோஷிபா 2021இலேயே லேசருக்குப் பதில் மைக்ரோவேவின் துணையோடு எழுதும் வழியில் 18 டிபி டிஸ்க் விட்டது.

எத்தனை நாள் தாங்கும் என்பதை ஐந்து வருடம் ஓடிய டிஸ்க்குகள்தான் சொல்ல வேண்டும். ஹாமருக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. உங்கள் குடும்ப போட்டோவை வைத்து முதல் சோதனை செய்ய வேண்டாம் என்பது என் யோசனை.

ஹீலியம் டிஸ்க்கில் வாயு கசிந்துவிடாதா?

2013 இறுதியில் எச்ஜிஎஸ்டி என்ற கம்பெனி, உள்ளே காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்த முதல் டிஸ்க்கை விட்டபோது எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். பத்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, பெரிய கசிவுக் கதை எதுவும் வரவில்லை. ஹீலியத்தின் அடர்த்தி காற்றில் ஏழில் ஒரு பங்கு. தட்டுகள் ஆடாது, எனவே நெருக்கமாக நிறையத் தட்டு வைக்கலாம், கரண்டும் மிச்சம். திறந்து மீட்க வேண்டி வந்தால் செலவு எகிறும், அது ஒன்றுதான்.

எந்தக் கம்பெனி நல்லது?

மூன்றே மூன்றுதான் மிச்சம்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங்கின் டிஸ்க் தொழிலைச் சீகேட்டும், ஹிட்டாச்சியின் தொழிலை வெஸ்டர்ன் டிஜிட்டலும் வாங்கிப்போட்டன. கம்பெனியைப் பார்க்காதீர்கள், மாடலைப் பாருங்கள். 2000இல் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி செத்துச் செத்து விழுந்ததில் 'டெத்ஸ்டார்' என்றே பெயர் வாங்கியது. அதே தொழிற்சாலைப் பரம்பரை ஹிட்டாச்சி கைக்குப் போன பிறகு, பேக்பிளேஸ் பட்டியலில் பல வருடம் முன்வரிசையில் நின்றது. சீகேட்டின் 3 டிபி மாடல் ஒன்றை பேக்பிளேஸ் 2012இல் 4,190 எண்ணிக்கையில் போட்டது. 2015 மார்ச் இறுதியில் ஓடிக்கொண்டிருந்தவை 251. மற்றவை செத்தன, அல்லது இனி நம்ப முடியாது என்று கழற்றப்பட்டன. அந்த 3 டிபி எஸ்எம்ஆர் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருட வாரன்டி ஏன் காணாமல் போனது?

2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம். டிஸ்க் தொழிற்சாலைகள் முழுகின. விலை ஏறியது. அந்த வருடக் கடைசியில் சீகேட் தன் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளின் வாரன்டியை ஒரு வருடமாகவும், வெஸ்டர்ன் டிஜிட்டல் நீலம், பச்சை வரிசைகளுக்கு மூன்றை இரண்டாகவும் குறைத்தன. வெள்ளம் வடிந்தது, விலை மெல்ல இறங்கியது. ஐந்து வருடம் வேண்டுமென்றால் இன்று விலை கூடிய வரிசைக்குத்தான் போக வேண்டும். டிஸ்க் செத்தால் வாரன்டியில் புது டிஸ்க் வரும், உங்கள் படங்கள் வராது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பது?

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் உண்டு. பார்க்க வேண்டிய வரிகள் 5, 187, 188, 197, 198. பேக்பிளேஸும் இந்த ஐந்தைத்தான் பார்க்கிறது. எனக்கு 197 முக்கியம், படிக்க முடியாமல் தவிக்கிற செக்டர்களின் எண்ணிக்கை அது. பூஜ்யத்தைத் தாண்டினால் முதலில் காப்பி எடுங்கள், ஆராய்ச்சியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். 199 ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாமல் கேபிளை மாற்றிப் பாருங்கள். சீகேட் டிஸ்க்கில் 1, 7 இரண்டிலும் கோடிக்கணக்கில் எண் நிற்கும், அது இயல்பு. இதைப் பார்த்துப் பயந்து நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து எழுதியது. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நாலு அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டாமலே செத்தன.

இணையத்தில் 16 டிபி டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்கிறது, 'புதியது' என்கிறார்கள்.

2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெடித்த விவகாரம் இதுதான். ஹைசே என்ற பத்திரிகை அம்பலப்படுத்தியது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்கி, புதியது என்று சந்தையில் தள்ளியிருந்தார்கள். சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓட்டி முடித்தவை என்று சந்தேகிக்கப்பட்டது. மாட்டிக்கொண்டது எப்படியென்றால், சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு குறிப்பேடு இருக்கிறது, அதை மாற்ற மறந்துவிட்டார்கள். ஸ்மார்ட் கணக்கைப் படிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளின் புதிய பதிப்பில் அதைப் படிக்கலாம். இரண்டு குறிப்பிலும் ஓடிய மணி நேரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, வாரன்டி தேதியைக் கம்பெனித் தளத்தில் சீரியல் எண் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் பணம் கொடுக்கிறேன்.

பேசாமல் எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டால்?

தினசரி வேலைக்கு மாறுங்கள், இன்னும் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எடுத்து அலமாரியில் வைப்பதற்கு வேண்டாம். எஸ்எஸ்டி மின்னூட்டத்தில் எழுதுகிறது, கரண்ட் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரியில், கரண்ட் இல்லாமல் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதே சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். புதிய எஸ்எஸ்டி அதைவிட ரொம்ப நாள் தாங்கும். ஆனால் நம் ஊர் சித்திரை மாதத்தில் பூட்டிய அலமாரிக்குள் 30 டிகிரி என்பது கனவு.

டிஸ்க் 'டிக் டிக்' என்று அடிக்கிறது. பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றில் ஐஸ் வாட்டர் டம்ளர் வியர்க்கிற மாதிரி வியர்க்கும். ஹெட் மிதப்பது ஒன்றிரண்டு நானோமீட்டர் உயரத்தில், ஒரு துளி ஈரம் அதற்கு ஏரி மாதிரி. டிக் டிக் என்பது பெரும்பாலும் ஹெட் வழி தெரியாமல் போய்ப் போய்த் திரும்பி வருகிற சத்தம். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். கரண்டை நிறுத்துங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்" என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது பணம் செலவழிக்கத் தகுந்ததா என்று முடிவுசெய்யுங்கள். ஆமாம் என்றால் சுத்தமான அறை வைத்திருக்கும் ரெக்கவரி ஆட்களிடம், யாரும் திறக்காத நிலையிலேயே கொடுங்கள். என்னிடம் கொண்டுவந்தாலும் நானும் அங்கேதான் அனுப்புவேன், ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டேன்.